கணக்கில் வராத காற்று

"மேட்டுல ஏறயில அரைப்பேர்தான் போடுது, பாஸ்"
என்றான் மரியசவரி.
மீன்பெட்டியை இறக்கி வைத்தான்.
அதன் மூலையிலிருந்து ஐஸ் தண்ணீர்
என் செருப்பு வரைக்கும் வந்து நின்றது.

நோர்வூட்டில் நாலாயிரம் அடி.
இங்கே காற்றுக்கும் இளைத்த உடம்புதான்.
டூ ஸ்ட்ரோக் எஞ்சின் மூச்செடுப்பதோ
எண்ணி எண்ணித் தருகிற ஒரே வாசலால்:
கார்புரேட்டர், அதற்கடுத்து மெனிஃபோல்ட்,
அதற்கும் உள்ளே, கூரைபோலச் சரிந்த கூட்டில்
நாலு மெல்லிய இதழ்கள்.
இழுத்தால் திறக்கும். தள்ளினால் மூடும்.
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
ஒன்றின் நுனி உதடு பிளந்திருந்தது.

புது இதழ் போட்டேன்.
பிறகு, மூடிப்போன ஃபெக்டரியின் சுவிட்ச் பலகையில்
அறுத்து வைத்திருந்த பேக்லைட் துண்டை எடுத்தேன்.
ஆறு மில்லி தடிப்பு.
இதழ்க்கூட்டுக்கும் மெனிஃபோல்டுக்கும் நடுவே
அது ஒரு சின்ன முற்றம்.
பாயுமுன் காற்று கொஞ்சம் கூடி நிற்கட்டும்.
அரம் போட்டபோது
பியூஸ் எரிந்த வாசனை வந்தது.

ஆறு மில்லி கூடியதும் பழைய போல்ட் எட்டவில்லை.
நிஸ்தார் நானாவின் கடையில் நீளமானது மூன்றே மூன்று.
நாலாவதைப் புல்வெட்டி மெஷினில் கழற்றினேன்.
கேஸ்கட்டில் மட்டும் கஞ்சத்தனம் பார்த்தேன்:
பிஸ்கட் பெட்டி மட்டை.

ஒரே உதை. ஸ்டார்ட் ஆனது.
ஆனால் ஐடிலில் நிற்கவில்லை.
யாரும் திருகாமலே ஏறியது, இறங்கியது,
திரும்ப ஏறி அலறியது.
"இப்பதான் பாஸ் உசிர் வந்திருக்கு!" என்றான்.
உயிரில்லை அது.
கணக்கில் வராத காற்று எங்கோ நுழைகிறது.
பெட்ரோலும் எண்ணெயும் சேராத வெறுங்காற்று.
இரண்டு மேடு தாண்டுமுன்
பிஸ்டனைச் சுட்டுவிடும்.

கோப்பையில் சவுக்காரம் கரைத்து
மூட்டெல்லாம் பிரஷால் தடவினேன்.
மேலே ஒன்றுமில்லை. பக்கங்களில் ஒன்றுமில்லை.
அவனுடைய அற்புதமேரி
மலையிலிருந்து நேராக வந்தவள்,
இடுப்பில் படங்கு அவிழ்க்காமல்
வெற்று மீன்பெட்டியில் குந்தியிருந்தாள்.
"அடியில பாருங்க, நுரையக் குடிக்குது" என்றாள்.

குனிந்தேன். குடித்துக்கொண்டுதான் இருந்தது.
புல்வெட்டி போல்ட்டுக்குக் கீழே
ஒரு மயிரளவு.

"தராசு முள்ளயே பார்த்துப் பழகின கண்ணு, பாஸ்.
இன்னைக்கு இருபத்தொண்ணு எடுத்தேன்.
தண்ணிக்கு மூணு கழிச்சான், சாக்குக்கு ரெண்டு.
பதினாறுன்னு எழுதிட்டான். அரைப்பேர்."
சத்தம் கூட்டாமல் சொன்னாள்.
மரியசவரி எஞ்சினை நிறுத்தினான்,
நான் நிறுத்தச் சொல்லவில்லை.

திரும்பக் கழற்றினேன்.
நல்ல கேஸ்கட் தாளை விளிம்பில் வைத்துச்
சுத்தியலால் தட்டித் தட்டி அறுத்தேன்,
பேக்லைட்டின் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று.
போல்ட்டை எதிரும் குதிருமாய்,
கால் சுற்றுக்கு மேல் ஒரு தடவையில் திருகாமல்.
பின்னால் தள்ளிப்போன கார்புரேட்டருக்கு
ஏர்பொக்ஸின் ரப்பர் வாயை மடித்து இடம் விட்டேன்.

இந்த முறை நின்றது.
பைலட் ஸ்க்ரூவை அரைச் சுற்று விட்டதும்
பெட்டிக்குள் கோழி கொத்துகிற மாதிரி
ஒரே சீராக.

பாதிக் காசும் ஒரு கூறு சாளையும் தந்தான்.
மீதி சம்பளத்துக்கு.
இருவரும் ஏறினார்கள், நடுவில் பெட்டி.

கராஜ் வாசலில் நின்றால்
ஐந்தாம் முடக்கு வரைக்கும் சத்தம் கேட்கும்.
மூன்றாம் முடக்கில் எப்போதும் முதல் கியருக்கு இறங்குவான்.
இன்று இறங்கவில்லை.
நாலாவதிலும் இல்லை.
அதற்குமேல் பனிமூட்டம்.

கொப்பியில் எழுதினேன்:
இதழ் ஒரு செட். பேக்லைட் துண்டு ஒன்று.
போல்ட் நாலு. கேஸ்கட் இரண்டு.
பிஸ்கட் மட்டை தின்ற ஒரு மணித்தியாலத்தை
எழுதவில்லை, அது என் பிழை.
ஓட்டை கண்டுபிடித்த கூலி என்று எழுதி
யாருக்கு என்கிற இடத்தில் பேனா நின்றது.

மொத்தத்தில் ஐந்தைக் கழித்தேன்.
ஐந்நூறா, ஐந்து கிலோவா
என்று எழுதவில்லை.